கரை கட்டிய கைகளும் கூடு கட்டிய அலகுகளும்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோயிற்சுவரின் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது நம் மரபு. கல்லில் எழுதப்படாமல் நிலத்தின் மேலேயே எழுதப்பட்ட வரலாறு ஒன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் இராசபாளையத்துச் சஞ்சீவி மலை மீது நின்று நோக்குவோர் அதனைப் படித்தறியலாம். மேற்கே மலைத்தொடர், கிழக்கே கரிசற்காடு, இடையே ஒன்றன் மறுகால் நீரை மற்றொன்று ஏற்கும்படி படிப்படியாய் இறங்கிச் செல்லும் கண்மாய்கள். சோழபுரம் உள்ளிட்ட இவ்வட்டாரத்து ஊர்களின் வயலும் வாழ்வும் இக்கண்மாய்களைப் பற்றியே வளர்ந்தன.

இந்நிலக்காட்சி தானே அமைந்ததன்று, மனிதர் ஆக்கியது. ஆயினும் மனிதர் மட்டுமே ஆக்கியதும் அன்று. கரையை நாம் கட்டினோம். அக்கரைக்குள் நின்ற மரங்களில் பறவைகள் கூடு கட்டின. நாம் நீரைத் தேக்கினோம். அவை அந்நீருக்கு உரமூட்டின. பிற உயிர்கள் நிலத்தை எவ்வாறு உருமாற்றுகின்றன, அவற்றோடு மனிதர் எந்த அடிப்படையில் கூடி வாழ்ந்தனர், அந்தக் கூட்டு எங்கே அறுந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குத் துணையாக, நம் நாட்டில் இல்லாத ஒரு விலங்கை முதற்கண் அறிமுகம் செய்ய வேண்டியுள்ளது.

தமிழிற் பெயரில்லாத விலங்கு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் பீவர் என்னும் விலங்குக்குத் தமிழிற் பெயரில்லை. மொழிபெயர்ப்பாளர் சிலர் அதனை ‘நீர்நாய்’ என எழுதிவிடுகின்றனர். அது பிழை. நீர்நாய் என்பது வாளைமீனை இரையாகக் கொள்ளும் விலங்காகச் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றுள்ளது. இன்றும் தாமிரவருணியிலும் காவிரியிலும் காணப்படுவது. பீவரோ மீன் தின்னாதது. எலி, அணில் ஆகியவற்றைப் போலக் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. மரப்பட்டை, தளிர், நீர்த்தாவரங்கள் ஆகியனவே அதன் உணவு. நம் நிலத்தில் இல்லாத ஒன்றுக்கு நம்மிடமுள்ள பெயரை ஒட்டுவதைவிட, வந்த பெயரையே வழங்குவது நேர்மையாகும்.

இவ்விலங்கு உலகப் புகழ் பெற்றது அணை கட்டும் திறத்தால். தன் உளி போன்ற பற்களால் மரங்களைக் கொறித்து வீழ்த்தி, கிளைகளை இழுத்துவந்து ஓடையின் குறுக்கே அடுக்கி, சேற்றாலும் கல்லாலும் இடுக்குகளை அடைக்கிறது. பின்னே நீர் தேங்கிக் குட்டையாகிறது. அக்குட்டையின் நடுவிலோ கரையிலோ அமையும் வீட்டுக்கு வாயில் நீருக்கடியில் இருக்கும். ஓநாயும் கரடியும் அணுகாதிருக்க நீரே அகழியாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், செயற்கைக்கோள் படத்தின் வாயிலாக 2007-இல் அறியப்பட்ட பீவர் அணை ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுடையது. நம் வட்டாரத்துச் சிறு கண்மாய்க் கரைகள் பல இதனினும் குறுகியவை.

சுவீடன் நாட்டு அறிஞர் லார்ஸ் வில்சன் 1960-களில் செய்த ஆய்வொன்று சுவையானது. நீர் பாயும் ஓசையை ஒலிபெருக்கியின் வழியே எழுப்பியபோது, நீரே இல்லாத அவ்விடத்தில் பீவர்கள் மண்ணையும் குச்சியையும் கொண்டுவந்து குவித்தன. நீர் ஓடிப்போகும் ஓசை அவற்றுக்குப் பொறுக்கவில்லை. மடையில் நீர் கசியும் ஓசை கேட்டு நள்ளிரவில் மண்வெட்டியோடு எழுந்து சென்ற நீர்ப்பாய்ச்சிகளின் வழிவந்த நமக்கு, இச்செய்தி வியப்பினும் உறவுணர்வையே தருகிறது.

பீவர் தன் பாதுகாப்புக்காகவே நீரைத் தேக்குகிறது. ஆனால் பயன் பலவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. ஓட்டம் தணிவதால் மண் படிகிறது. நிலத்தடி நீர் உயர்கிறது. தவளையும் மீனும் தும்பியும் பெருகுகின்றன. அவற்றை நாடிக் கொக்கும் வாத்தும் வருகின்றன. காலப்போக்கில் குட்டை தூர்ந்துவிட்டால் பீவர் வேறிடம் செல்கிறது. தூர்ந்த இடம் வளமான புல்வெளியாகிறது. சுற்றிலுமுள்ள நிலத்தையே மாற்றியமைக்கும் இத்தகைய உயிர்களைச் ‘சூழலின் பொறியாளர்கள்’ என அறிவியலார் அழைப்பர்.

தொப்பிக்காக அழிந்த நீர்நிலை

இவ்வளவு பயன் தரும் விலங்கை மனிதர் நடத்திய விதம் கசப்பான வரலாறாகும். பீவரின் உள்மயிரிலிருந்து செய்யப்பட்ட தொப்பிகள் ஐரோப்பிய நகரங்களில் நாகரிகச் சின்னமாயின. 1670-இல் அரச உரிமை பெற்றுத் தொடங்கிய ஹட்சன் விரிகுடாக் குழுமத்தின் செல்வம் பெரிதும் இத்தோலின் மீதே எழுந்தது. பிரித்தானியத் தீவில் பதினாறாம் நூற்றாண்டளவில் பீவர் அற்றுப்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா, ஆசியா முழுவதிலும் எஞ்சியவை ஏறத்தாழ 1,200 மட்டுமே. கட்டியவை போனபின் அணைகள் உடைந்தன, குட்டைகள் வற்றின, ஓடைகள் ஆழமாய் அரித்துக்கொண்டு விரைந்தோடின. தொப்பி அணிந்தவர் எங்கோ இருந்தார். நீரிழந்த நிலம் எங்கோ கிடந்தது.

பின்னர்ப் பாதுகாப்புச் சட்டங்களாலும் மறுகுடியேற்றத்தாலும் அவ்வினம் மீண்டது. ஐரோப்பாவில் இன்று பத்து இலட்சத்தைக் கடந்துவிட்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள ஆட்டர் ஆற்றில் 2015 முதல் 2020 வரை நடைபெற்ற ஆய்வு இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. அங்குள்ள சிற்றூர் ஒன்றன் மேற்புறத்து ஓடையில் பீவர்கள் கட்டிய அணைகள், பெருமழைக் காலத்தில் ஊருக்குள் பாயும் வெள்ளத்தின் உச்சத்தைத் தணித்தன. ஊரார் மகிழ்ந்தனர். ஆனால் அதே அணைகளால் மேற்புறத்து வயலுக்குள் நீர் ஏறியது. நன்மை கீழூராருக்கு, இழப்பு மேல்நிலத்து உழவருக்கு. பீவரோடு வாழ்வதன் சிக்கல் முழுவதும் இந்த ஒரு தொடரில் அடங்கிவிடுகிறது. நன்மை பெறுவோர் ஒருவர், இழப்புறுவோர் மற்றொருவர் என்றாகும்போது நடுவே நின்று தீர்த்துவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் ஒரு வடிவம் நமக்கு மிகவும் பழக்கமானது. பீவரைக் கொல்லாமலும் அணையை முற்றிலும் உடைக்காமலும், அணையின் ஊடே ஒரு குழாயைச் செலுத்திவிடுகின்றனர். குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஏறும் நீர் அதன்வழி வெளியேறிவிடும். குட்டையும் நிலைக்கும், வயலும் மூழ்காது. இதனைப் படித்தபோது, ‘இது நம் கலிங்கு அல்லவா!’ என்னும் எண்ணமே எனக்குத் தோன்றியது.

கண்மாய் என்னும் கட்டுமானம்

நீர் கண்ணும் வாயுமாய் அமைந்த இடம் ‘கண்வாய்’. அதுவே கண்மாய் என மருவிற்று என்பர். பேச்சுவழக்கில் அது கம்மாய். தொண்டை நாட்டில் ஏரி, தாங்கல். பாண்டி நாட்டில் குளம், கண்மாய், ஏந்தல், ஊருணி எனப் பெயர் பலவாயினும் கருத்து ஒன்றே. சரிவான நிலத்தில் ஓடிவரும் நீரை வளைந்த மண்கரையால் மறித்து நிறுத்துவதே அது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறும் அறிவுரையாக அமைந்த புறநானூற்றின் 18-ஆம் பாடல், நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குவதை அரசனின் நிலைத்த புகழுக்கு வழியாகக் காட்டுகிறது. போர் வென்ற மன்னனிடம் புலவர் பேசியது குளத்தைப் பற்றி என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழ்நாட்டில் இத்தகைய நீர்நிலைகள் ஏறத்தாழ 39,000 உள்ளன. நம் வட்டாரத்துக் கண்மாய்கள் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. முடங்கியாறு முதலாக மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவனவல்ல. மழைக்காலத்துச் சில வாரங்களில் சீறி வந்து அடங்குவன. அந்த நீரைப் பிடித்துக்கொண்டால் ஆறு மாத வாழ்வு. தவறவிட்டால் கடலுக்குப் போயிற்று. ஆதலின் வரத்துக்கால், கரை, மடை, கலிங்கு, மறுகால், ஆயக்கட்டு என உறுப்புகள் வகுத்து, ஒன்று நிறைந்தபின் அடுத்தது பெறும் தொடராகக் கண்மாய்களை அமைத்தனர்.

பீவரின் குட்டைக்கும் நம் கண்மாய்க்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமை ஒன்றும் உண்டு. குட்டை தூர்ந்தால் பீவர் விட்டுப் போய்விடும். மனிதர் போக இயலாது. ஆதலால் தூர் வாருதல் இன்றியமையாததாயிற்று. வாரிய வண்டல் வீணாகவில்லை. கோடையில் கண்மாய்க் கரம்பையை மாட்டுவண்டியில் ஏற்றி வயலில் பரப்பினர். கண்மாய் ஆழமாயிற்று, வயல் உரம் பெற்றது. கூடுள்ள மரத்தடியில் வெட்டிய கரம்பைக்குத் தனி மதிப்பு இருந்தது. அம்மண்ணைப் பிற மண்ணோடு கலந்தே இட வேண்டும், தனியே இட்டால் பயிர் கருகும் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேதியியல் கற்காத உழவர் தழைச்சத்தின் மிகுதியை இவ்வாறு அறிந்திருந்தனர்.

நன்மை ஒருவருக்கும் இழப்பு மற்றொருவருக்கும் ஆகும் சிக்கல் கண்மாயிலும் இருந்தது. மட்டம் உயர்ந்தால் ஆயக்கட்டுக்காரருக்கு ஆதாயம். உள்வாய்ப் புஞ்சைக்காரருக்கு இழப்பு. கலிங்கை ஒரு சாண் உயர்த்தியதால் மேலூரும் கீழூரும் பகைத்த கதைகளை இப்பக்கத்துப் பெரியவர்கள் பலர் அறிவர். அதற்குத் தீர்வாகவே கலிங்கின் உயரம் வரையறுக்கப்பட்டது. நட்ட கற்களுக்கிடையே எப்போது மண்ணும் தழையும் வைத்து அடைக்கலாம் என்பது ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தகன் காலத்தில் ஏரி வாரியம் என்னும் குழு இருந்ததைக் காட்டுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. நீரைத் தேக்குவது பொறியியல். தேக்கிய நீரால் எழும் வழக்கைத் தீர்ப்பது அரசியல். நம் முன்னோர் இரண்டிலும் வல்லவராயிருந்தனர்.

வேடந்தாங்கலின் உடன்படிக்கை

தேங்கிய நீரை நாடி வந்த பறவைகளோடு மனிதர் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு எழுத்துச் சான்றுள்ள இடம் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஆகும். ஊர்ப்பெயரிலுள்ள ‘தாங்கல்’ நீரைத் தாங்கும் சிற்றேரியைக் குறிக்கும் சொல். ‘வேடர்’ முற்காலத்து வேட்டைக்களத்தை நினைவூட்டுவது. வேடரின் பெயர் தாங்கிய ஊர் பறவைகளின் புகலிடமானது வரலாற்றின் நயமான முரண்.

ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடைய அச்சிற்றேரியில் நீர்க்கடம்பு முதலிய மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கின்றன. அவற்றில் நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கூழைக்கடா முதலியன ஆண்டுதோறும் வந்து கூடு கட்டுகின்றன. பல கல் தொலைவு சென்று மீனும் நத்தையும் தவளையும் உண்டு திரும்பும் இவற்றின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்நீர் மடைவழியே வயலுக்குப் பாய்கிறது. சுற்றுவட்டாரத்து வளம் முழுவதையும் திரட்டி ஒரே ஏரியில் சேர்த்துவைக்கும் பணியைப் பறவைகள் கூலியின்றிச் செய்தன. ஊரார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நத்தை குத்தி நாரை நெல்வயல் நத்தையைத் தின்பது மேலும் ஓர் ஆதாயம்.

கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆட்சியில் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். அப்போதைய ஆட்சியர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து 1798-இல் ஆவணம் வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அரசு அவ்விடத்தைப் பறவைகள் புகலிடமாக ஏற்றது. காட்டுயிர்ப் பாதுகாப்பு என்னும் சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத உழவர் பலர் அடங்கிய ஓர் ஊர் இதனைக் கேட்டுப் பெற்றது.

அந்த ஆட்சியர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. மதுராந்தகத்து ஏரிக்கரை பெருமழையில் உடையாமல் நிற்க, இராமனும் இலக்குவனும் வில்லேந்தி இரவிற் காவல் நின்ற காட்சியைக் கண்டதாகக் கர்ணபரம்பரையிற் பேசப்படும் பிளேஸ் துரை இவரே. கதையின் உண்மை எவ்வாறாயினும், அவர் ஏரிக்கரையின் அருமை அறிந்தவர் என்பது உறுதி. ஏரியால் வரும் வரியே குழுமத்தின் வருவாய்; பறவையால் வளரும் நெல்லே அவ்வரியின் மூலம். ஊரார் கேட்டது அறம் மட்டுமன்று, ஆதாயமும்தான். அவர் அளித்ததும் அருள் மட்டுமன்று. இதனைக் கூறுவது அம்மக்களின் பெருமையைக் குறைப்பதாகாது. அன்பு மட்டும் இருந்திருந்தால் ஒரு தலைமுறையில் தளர்ந்திருக்கும். ஆதாயம் மட்டும் இருந்திருந்தால் அதனினும் பெரிய ஆதாயம் வந்தபோது மாறியிருக்கும். இரண்டும் முறுக்கிய கயிறாய் இருந்ததனாலேயே இரு நூற்றாண்டைக் கடந்து நின்றது.

டெவனோடு ஒப்பிட்டால் வேடந்தாங்கலின் உறுதிக்குரிய காரணம் மேலும் விளங்கும். அங்கே நன்மை ஓரிடம், இழப்பு ஓரிடம். இங்கே பறவையின் இரைச்சலையும் நாற்றத்தையும் பொறுத்தவரும் அவ்வூரார். உரநீரைப் பெற்றவரும் அவ்வூராரே. கணக்கின் இரு பக்கமும் ஒரே ஏட்டில் இருந்தன. 2020-இல் அச்சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் கருத்துரு எழுந்தபோது எதிர்ப்புக் குரல் ஓங்கியதற்கு இந்த நெடிய நினைவும் ஒரு காரணம் எனலாம்.

வெடி வெடிக்காத தீபாவளி

வேடந்தாங்கல் தனித்ததோர் அதிசயம் அன்று. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்புக்கு முன்பிருந்தே அவ்வூரார் பறவைகளைப் பேணி வந்தனர். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அங்கு வெடி வெடிப்பதில்லை. புத்தாடை உடுத்துக் காத்திருக்கும் குழந்தையின் கையிலிருந்து வெடியை வாங்கி வைத்துவிட்டு, ‘பறவை குஞ்சு பொரித்திருக்கிறது’ எனக் கூறும் தாயின் சொல்லில் எத்தனை பெரிய பண்பாடு அடங்கியுள்ளது! நாடெங்கும் வெடிக்கப்படும் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து அனுப்பும் சிவகாசியை உள்ளடக்கிய மாவட்டத்தைச் சேர்ந்த நாம் இதனை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரிப் பகுதியிலுள்ள கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாயிற்று. அங்கே பறவைகள் குளத்து மரங்களோடு நில்லாமல், ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வருவதை ஊரார் மழைக்கும் நல்விளைச்சலுக்கும் அறிகுறியாகக் கொள்கின்றனர். எச்சம் கலந்த வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்கு இடுகின்றனர். இராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்கள் 1989-இல் சரணாலயங்களாயின. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் இவ்விரண்டும் இன்று ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக ஏற்கப்பட்டுள்ளன. இவை யாவும் மனிதர் மண்ணால் கட்டிய நீர்நிலைகள் என்பதை மறத்தலாகாது. இயற்கையைக் காக்க மனிதர் விலகி நிற்க வேண்டும் என்னும் கருத்து இங்குப் பொருந்தாது. மனிதர் கரையை விட்டு விலகினால் பறவைக்கும் நீரில்லை.

கணக்கு அறுந்த கதை

இக்கூட்டு அறுந்தது ஒரு நாளில் அன்று. ஊரார் தாமே கூடிச் செய்த குடிமராமத்து, 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் கடமையாக மாறியது. வேடந்தாங்கல் ஊராரின் உரிமை புதுப்பிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஓர் ஆவணம் ஊரின் விருப்பத்தை மதித்தது. மற்றொன்று ஊரின் விருப்பத்தைக் கட்டளையாக்கியது. எது நிலைத்தது என்பதை வரலாறு காட்டிவிட்டது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. உழவருக்கு அது விடுதலை, ஐயமில்லை. ஆனால் ஜமீன் கண்மாய்கள் அரசின் பொறுப்பில் வந்தபோது, அவற்றைப் பேணும் பழைய ஊர் ஏற்பாடுகளுக்கு ஈடான புதிய ஏற்பாடு உடனடியாக உருவாகவில்லை. பின்னர் ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் வந்தன. கண்மாய் நிறையாவிட்டாலும் வசதியுள்ளவர் வயல் நனைந்தது. யூரியா மூட்டை வந்தபின் பறவை எச்சத்தின் மதிப்பு மறந்துபோயிற்று. பறவை அன்று போலவே இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெறுகிறோம் என்னும் உணர்வுதான் நம்மிடம் இல்லை.

கண்மாயின் மீன் ஏலத்துக்குப் போனபின் மற்றொரு கணக்குத் தோன்றியது. மீன்குஞ்சு விட்டுப் பணம் முடக்கிய குத்தகைதாரருக்குப் பறவை பகையாயிற்று. அவர் வெடி போட்டு விரட்டுகிறார். அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. இழப்பு அவருடையது, நன்மை ஆயக்கட்டுக்காரருடையது. டெவன் உழவரின் இடத்தில் இங்கே மீன் குத்தகைதாரர் நிற்கிறார், அவ்வளவே வேற்றுமை.

மரங்களின் கதையும் இத்தகையதே. சீமைக் கருவேலம் 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட அயல்மரம். விறகு தந்து ஏழையின் அடுப்பெரித்த அம்மரம், வேலி தாண்டிக் கண்மாயின் உள்வாய்களையெல்லாம் அடைத்துக்கொண்டது. 1946-இல் தென் அமெரிக்காவின் தென்கோடியான தியெரா டெல் ஃபுயேகோ தீவில், தோல் வணிகத்துக்காகக் கனடாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட பீவர்களின் கதை இதற்கு இணையானது. வட நாட்டில் நீர்நிலைகளை வாழ்வித்த அதே விலங்கு, வெட்டினால் துளிர்க்காத மரங்களைக் கொண்ட தென்னாட்டுக் காட்டை அழித்துவிட்டது. ஓர் உயிர் நல்லது, தீயது என்பது அதன் பிறவியில் இல்லை. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

ஆதலால் சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என 2017-ஆம் ஆண்டையொட்டி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணைகள் மக்களிடையே பெரும் எழுச்சியை உண்டாக்கின. அதே ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்தைப் புதிய வடிவில் தொடங்கியது. இரண்டும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் அயல்மரத்தை வெட்டும் இயந்திரம் நாட்டு மரத்தைப் பிரித்தறியாது. சுவீடன் நாட்டு உதவியோடு 1981-இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களில் நடப்பட்ட நாட்டுக் கருவேல மரங்கள் வளர்ந்து, பல இடங்களில் பறவைகளின் கூட்டு மரங்களாகியிருந்தன. விறகுக்காக நட்டது கூட்டுக்கு உதவியது. அவற்றை ஏலம் விடுவோரும் தூர் வாருவோரும் முற்றாக வெட்டிச் சாய்த்தால், ஆழமான கண்மாய் மிஞ்சும். அதில் ஒரு கூடும் இராது.

நம் கண்மாய்கள்

நம் மேற்கு மலையில் 1988-இல் சாம்பல்நிற அணிலுக்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. நம் கண்மாய்களுக்கு நீர் தரும் மலையைக் காக்கும் சட்டம் நமக்குக் கிடைத்துவிட்டது. அம்மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் தொடங்கிப் பெயர் தெரியாத சிற்றூர்க் கண்மாய் வரையில், பறவைக்குச் சரணாலயம் என்னும் பெயர்ப்பலகை இல்லை. அங்கே கூடு கட்டும் நாரைக்கு அவ்வூராரின் இசைவே காப்பு. அந்த இசைவு இன்று மெலிந்து வருகிறது என்பதே என் கவலை.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. தூர் வாரும்போது நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் மருதமும் நிற்கும் ஒரு பகுதியை மேடாக விட்டுவைக்கலாம். மர ஏலத்தையும் வெட்டையும் குஞ்சுகள் பறந்துபோன பின்னர், கோடையில் வைத்துக்கொள்ளலாம். சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் வேரறுக்காமல், நட்ட நாட்டு மரம் தோள் உயர்ந்தபின் கூடுள்ள பகுதியில் அகற்றலாம். மீன் குத்தகைத் தொகையில் பறவைக்கென ஒரு பங்கைக் கழித்துவிடலாம். இழப்புக்கு ஈடு கிடைத்தால் வெடிக்குத் தேவை இராது. கரம்பை அள்ளும் உரிமையை எளிதாக்கினால், கூட்டு மரத்தடி மண்ணின் மதிப்பை உழவர் மீண்டும் உணர்வர். இவற்றில் எதுவும் புதிதன்று. கலிங்கின் உயரத்தை வரையறுத்த அதே அறிவு, நன்மையையும் இழப்பையும் ஒரே ஏட்டில் எழுதும் அறிவு, மீண்டும் வேண்டப்படுகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் கூடும் போதெல்லாம் சங்கப் பாடல்களின் பறவைகளைப் பற்றிப் பேசுகிறோம். நாரையையும் குருகையும் தூது விட்ட கவிதைகளை வியக்கிறோம். இவ்வாண்டுக் கார்த்திகையில் ஒரு நாள், மண்டபத்தில் கூடாமல் ஏதேனும் ஒரு கண்மாய்க் கரையில் கூடுவோமாக. எத்தனை மரத்தில் எத்தனைக் கூடு என்பதை எண்ணி, ஊர்ப் பெரியவர்களிடம் பழைய கணக்கைக் கேட்டு எழுதி வைப்போமாக. வேடந்தாங்கல் உழவர் ஆட்சியர் முன் நின்று உரிமையைக் கேட்டதற்கு முன்பு, தம் ஏரியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்திருந்தனர். அதை அறிவதே நம் முதற்பணி.